உருளும் மேடை ஊர்விட்டு ஊர் போகுமா?

எங்கள் அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்குப் பெயர் பெற்றது. பச்சைமலை அடிவாரத்திலுள்ள இவ்வூரின் சிற்பங்களுக்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. இங்கே பட்டறையில் செதுக்கிய சுவாமி வாகனத்தை லாரியில் ஏற்றி, எந்த ஊரிலும் இறக்கி வைத்துவிடலாம். நாடக மேடையையும் அப்படி எடுத்துச் செல்ல முடியாதா?

சென்ற ஆண்டு பக்கத்துப் பள்ளி ஒன்றின் மாணவர்கள் சிலர் என்னிடம் யோசனை கேட்க வந்தனர். ஆண்டு விழாவில் ஒரு பாட்டு நாடகம். பாத்திரங்கள் எல்லாம் ரயில் வண்டிகள். நடிகர்களின் கால்களில் ஸ்கேட் எனப்படும் உருளைக் காலணிகள். "நல்லது, செய்யுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். மேடையைப் போய்ப் பார்க்கவில்லை. ஒத்திகையின்போது இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் சக்கரம் தட்டி, இன்ஜின் வேடமிட்ட மாணவன் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். அன்று நான் கேட்காமல் விட்ட கேள்விகளையே இங்கு எழுதுகிறேன்.

அம்மாணவர்களின் யோசனைக்கு முன்னோடி ஒன்று உண்டு. ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் இசையமைத்த 'ஸ்டார்லைட் எக்ஸ்பிரஸ்' என்னும் இசை நாடகம் 1984 மார்ச் 27 அன்று லண்டனில் அப்பல்லோ விக்டோரியா அரங்கில் தொடங்கியது. ஒரு சிறுவனின் கனவில் அவனுடைய பொம்மை ரயில்கள் உயிர் பெற்றுப் பந்தயம் ஓடுகின்றன. டீசல் இன்ஜினையும் மின்சார இன்ஜினையும் எதிர்த்து ரஸ்டி என்ற பழைய நீராவி இன்ஜின் ஓடுகிறது. நடிகர்கள் பாடிக்கொண்டே ஸ்கேட்டில் விரைய வேண்டும். பந்தயப் பாதை மேடையோடு நிற்கவில்லை. பார்வையாளர்களின் இருக்கைகளுக்கு இடையிலும், மாடி இருக்கைகளுக்கு முன்னாலும் வளைந்து சென்றது. 7,400 தடவைக்கு மேல் நடந்த இந்நாடகம் 2002 ஜனவரியில் லண்டனில் முடிந்தது. அதே ஆண்டு ஜூனில் அதே அரங்கில் நம் ஏ. ஆர். ரகுமானின் 'பாம்பே ட்ரீம்ஸ்' அரங்கேறியது என்பது நமக்கு ஒரு சுவையான செய்தி.

இத்தகைய நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டு போவது எப்படி? ஆடை அணிகளைப் பெட்டியில் அடைக்கலாம். திரைச்சீலைகளைச் சுருட்டலாம், நம் பழைய பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுவினர் அப்படித்தான் ரயிலேறிச் சென்றார்கள். ஆனால் ஸ்கேட் நாடகத்தில் தளமே பாதி நாடகம். அதைச் சுருட்ட முடியுமா?

முதலில் காலணியைப் பார்ப்போம். 1849இல் பாரிஸ் நகரில் மேயர்பீரின் 'லெ ப்ரொஃபெட்' என்னும் இசை நாடகத்தில், பனிச்சறுக்குக் காட்சிக்காக நடனக்காரர்கள் உருளைக் காலணிகளுடன் மேடையேறினார்கள். அக்காலத்துக் காலணிகளில் அச்சு அசையாது. நேரே போவது எளிது, திரும்புவது பெரும்பாடு. நம் தேரின் நிலையும் இதுவே. தேரின் அச்சு தானாகத் திரும்பாது. ஆகவே வீதியின் மூலை வந்ததும் சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டையைச் செருகிச் செருகித் திருப்புகிறார்கள். ஓடும் காலுக்கு அடியில் யார் கட்டை போடுவது? 1863இல் அமெரிக்கரான ஜேம்ஸ் பிளிம்ப்டன் இதற்கு வழி கண்டார். அச்சுக்கும் அடித்தட்டுக்கும் நடுவே ரப்பர் மெத்தை ஒன்றை வைத்தார். ஓடுபவர் இடப்பக்கம் சாய்ந்தால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றுக்கொன்று எதிராகச் சற்றே திரும்பி, காலணி இடப்பக்கம் வளைந்து ஓடும். சாய்ந்தால் திரும்பும்! அதன் பிறகே ஸ்கேட்டிங் எல்லாரும் பழகும் விளையாட்டாயிற்று.

எவ்வளவு சாய வேண்டும்? இங்கேதான் இயற்பியல் கண்டிப்பாகப் பேசுகிறது. வளைவில் செல்லும் எப்பொருளுக்கும் மையநோக்கு விசை தேவை. சாய்கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு, வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தாலும் ஈர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் கிடைக்கும். இதில் நிறை இல்லை என்பதைக் கவனியுங்கள். குண்டான இன்ஜினுக்கும் ஒல்லியான பெட்டிக்கும் ஒரே கோணந்தான். (நிற்க வேண்டிய நேரத்தில் மட்டும் குண்டு இன்ஜினுக்கு வேலை அதிகம்.)

கணக்கிட ஒரு வட்டம் வேண்டுமே! சர்க்கஸ் வட்டத்தை எடுத்துக்கொள்வோம். 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் குதிரை வித்தை காட்டிய பிலிப் ஆஸ்ட்லி வகுத்த 42 அடி விட்டமே உலகெங்கும் வழக்கமாயிற்று. எந்த ஊரில் கூடாரம் அடித்தாலும் அதே வட்டம். பழகிய குதிரைக்குப் புதுப் பாடம் இல்லை. ஊர் சுற்றும் கலைக்கு இதைவிட நல்ல உபாயம் எனக்குத் தெரியவில்லை. இதன் ஆரம் 6.4 மீட்டர். இதில் ஒருவர் வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடினால் தேவையான முடுக்கம் 64 ÷ 6.4 = 10. இது ஈர்ப்பு முடுக்கத்துக்கு ஏறத்தாழச் சமம். எனவே அவர் 45 டிகிரிக்கு மேல் சாய வேண்டும். சமதளத்தில் அவ்வளவு சாய்ந்தால் சக்கரங்கள் வழுக்கிவிடும். தளத்தையே சாய்த்துக் கட்ட வேண்டும். சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025இல் சீனாவில் நடந்த உலகப் போட்டியில் 1,000 மீட்டரை 1 நிமிடம் 24.924 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். சராசரி வேகம் வினாடிக்குச் சுமார் 11.8 மீட்டர். அந்த வேகத்துடன் சர்க்கஸ் வட்டத்துக்குள் வந்தால் அவர் 66 டிகிரி சாய வேண்டியிருக்கும்! ஆரத்தை 20 மீட்டராக்கி 8 மீட்டர் வேகத்தில் ஓடினாலோ 18 டிகிரி போதும். ஆரந்தான் செல்வம். ஆனால் ஆரத்தை லாரியில் ஏற்ற முடியாது. அது போகிற இடத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது, அந்த மாணவனை வீழ்த்திய இணைப்பு. பயணம் போகும் தளம் துண்டு துண்டாகத்தான் இருக்கும். துண்டுக்குத் துண்டு ஓர் இணைப்பு. ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு துண்டு சற்றே உயர்ந்திருக்கலாம். 5 மில்லிமீட்டர் மேடு என்ன செய்துவிடும் என்று நினைப்போம். ஸ்கேட் சக்கரத்தின் ஆரம் சுமார் 31 மில்லிமீட்டர். அந்த மேட்டில் ஏற, சக்கரம் தாங்கும் எடையில் 65 விழுக்காடு அளவுக்குக் கிடைவிசை வேண்டும். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள மாட்டுவண்டிச் சக்கரத்துக்கோ 12 விழுக்காடு போதும். வண்டிக்காரருக்குத் தெரியவே தெரியாத மேடு, ஸ்கேட்காரருக்குச் சுவர். கால் நின்றுவிடும், உடல் முன்னே போகும். மணிக்கட்டு முறிவது அதனால்தான். தளம் கோத்து முடித்ததும், ஒவ்வோர் இணைப்பையும் விரலால் தடவிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அரும்பாவூர்ச் சிற்பிகள் இழைத்த மரத்தைக் கண்ணால் பார்த்து விடுவதில்லை. கையால் தடவித்தான் முடிவு செய்வார்கள்.

லண்டன்காரர்கள் இச்சிக்கலை மூன்று விதமாகச் சமாளித்தார்கள். 1987இல் ஜப்பானுக்கும் பின்னர் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றபோது சாதாரண நாடகக் கொட்டகைகளை விட்டுப் பெரிய உள்விளையாட்டு அரங்குகளைத் தேடினார்கள். அங்கே ஆரம் ஏற்கெனவே இருந்தது. ஜெர்மனியில் போகும் நகரில் 1988இல் இந்நாடகத்துக்கென்றே ஒரு கட்டடம் எழுப்பினார்கள். அங்கே தளம் பயணமே போகவில்லை, பார்வையாளர்கள்தாம் பயணம் செய்கிறார்கள். 2003, 2004ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சாதாரண அரங்குகளைச் சுற்றி வந்தபோது பந்தயங்களை முப்பரிமாணத் திரைப்படமாக எடுத்துக் காட்டினார்கள். பார்வையாளர்கள் கண்ணாடி அணிந்து பார்த்தார்கள். புத்திசாலித்தனந்தான். ஆனாலும், மூச்சிரைக்கும் நடிகர் கைக்கெட்டும் தூரத்தில் பறந்து செல்வதும் படமும் ஒன்றாகுமா? எனக்கு மனம் ஒப்பவில்லை.

நம் மாணவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பலகை மேடையைக் கைவிட்டுப் பள்ளியின் சிமெண்டுக் கூடைப்பந்துத் தளத்துக்கு நாடகத்தையே இறக்கிவிட்டார்கள். 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். அதில் 6 மீட்டர் ஆரத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டோம். வேகம் வினாடிக்கு 4 மீட்டருக்கு மேல் கூடாது என்று நிபந்தனை. அதற்கு 15 டிகிரிச் சாய்வு போதும், உராய்வே தாங்கிவிடும். ஒரு மாணவி நிறுத்துக் கடிகாரத்துடன் நின்று, ஒரு சுற்றுக்கு ஒன்பதரை வினாடிக்குக் குறைந்தால் விசில் ஊதினாள். பார்வையாளர்கள் நான்கு பக்கமும் தரையில் அமர்ந்தார்கள். மணிக்கட்டில் மாவுக்கட்டோடு அந்தப் பையன் வட்டத்தின் நடுவில் நின்று பச்சைக்கொடி காட்டும் ஸ்டேஷன் மாஸ்டராக நடித்தான்.