இல்லாத காலில் வலி வருமா?

"கால் போய் இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு டாக்டர். ஆனா ராத்திரியானா அந்தக் கால் கட்டைவிரலை யாரோ முறுக்குற மாதிரி வலிக்குது. வீட்ல சொன்னா சிரிக்கிறாங்க!"

பட்டாளத்தில் காலைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் இப்படிச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். வேலூர் பக்கம் வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் என்று சொல்லும்படியான கிராமங்கள் உண்டு. 1987 முதல் 1990 வரை இலங்கைக்குப் போன அமைதிப்படையிலும், 1999 கார்கில் போரிலும் கை, கால் இழந்தவர்கள் இன்று ஐம்பதையும் அறுபதையும் தாண்டிவிட்டார்கள். மெடலைப் பற்றிப் பேசும் நாம் அவர்கள் வலியைப் பற்றிக் கேட்பதில்லை.

வீட்டில் உள்ளவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வலி பொய்யல்ல. மனக்கோளாறும் அல்ல. 1871-லேயே அமெரிக்க டாக்டர் சைலஸ் வெய்ர் மிச்செல், உள்நாட்டுப் போரில் அங்கம் இழந்த சிப்பாய்களிடம் இதைக் கண்டு எழுதி வைத்தார்.

ஏன் வருகிறது?

நம் மூளைக்குள் உடம்பின் வரைபடம் ஒன்று இருக்கிறது. கால் போனாலும் அந்த வரைபடத்தில் காலுக்கான இடம் அழிவதில்லை. வெட்டுப்பட்ட நரம்பு நுனிகளும் தாறுமாறாகச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். மூளை அதை 'கால் வலி' என்றே எடுத்துக்கொள்கிறது. குளிர், தூக்கக் குறைவு, மனக்கவலை, சரியாகப் பொருந்தாத செயற்கைக் கால் இவையெல்லாம் வலியைக் கூட்டும்.

கண்ணாடி வைத்தியம்

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நம்மூர் டாக்டர் வி.எஸ். ராமச்சந்திரன், 1990-களில் அமெரிக்காவில் ஓர் எளிய வழி கண்டுபிடித்தார். இரண்டு கால்களுக்கும் நடுவே நீளமான கண்ணாடியை நிறுத்துங்கள். நல்ல காலின் பிம்பம் தெரியும்படி பார்த்தால், போன கால் திரும்ப வந்தது போலத் தோன்றும். நல்ல காலை மெதுவாக மடக்கி, நீட்டி, விரல்களை அசைத்து, கண்ணாடியையே பார்க்க வேண்டும். தினமும் பதினைந்து நிமிடம் போதும். 2007-ல் அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில் கால் இழந்த சிப்பாய்களுக்கு இதை நான்கு வாரம் செய்து பார்த்தார்கள். வலி குறைந்தது. எல்லோருக்கும் ஒரே அளவில் பலிக்காது. ஆனால் செலவில்லாத வைத்தியம். முதல் தடவை சிலருக்கு மனசு கலங்கும். பக்கத்தில் ஒருவர் இருப்பது நல்லது.

சித்த மருத்துவம் என்ன செய்யும்?

வலியை நாங்கள் வாதத்தின் வேலையாகப் பார்க்கிறோம். தொக்கணம் என்ற தேய்ப்பு முறையில் ஒன்பது வகை உண்டு. புண் முழுதும் ஆறிய இடத்தில் உளுந்து தைலம் போன்ற எண்ணெயை இளஞ்சூடாகத் தடவி மெதுவாகப் பிடித்துவிட்டால் இறுக்கம் தளரும். இதை இரவில் செய்யுங்கள். காலையில் எண்ணெய்ப் பசையோடு செயற்கைக் காலை மாட்டினால் வழுக்கும். ஒத்தடம் கொடுப்பதானால் சூட்டை உங்கள் புறங்கையில் முதலில் பாருங்கள். அந்த முனையில் உணர்ச்சி குறைந்திருந்தால் ஒத்தடமே வேண்டாம். பஸ்ப, செந்தூர மருந்துகளைக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடாதீர்கள். ஆங்கில டாக்டர் கொடுத்த நரம்பு மாத்திரையை எங்கள் மருந்துக்காகத் திடீரென்று நிறுத்துவதும் கூடாது.

தினசரி கவனிப்பு

* இரவில் காலைக் கழற்றியதும் முனையை மிதமான சோப்பில் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள்.
* கைக்கண்ணாடி வைத்து அடிப்பக்கத்தில் சிவப்பு, கொப்புளம், வெடிப்பு உண்டா என்று பாருங்கள். இருந்தால் அது ஆறும்வரை செயற்கைக் கால் வேண்டாம்.
* சுகமாக இருக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும்.
* எடை ஏறினாலும் இறங்கினாலும் செயற்கைக் கால் பொருந்தாது. சர்க்கரை உள்ளவர்கள் மிச்சமிருக்கும் பாதத்தையும் தினமும் பார்க்க வேண்டும்.
* பல வருஷம் கழித்துப் புதிதாக வலி வந்தாலோ, சீழ், காய்ச்சல், கட்டி கண்டாலோ உடனே டாக்டரிடம் போங்கள்.
* உடம்பில் குண்டுச் சிதறல் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் கட்டாயம் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். கேன்டீன் ரம்மில் ஒரு பெக் போட்டால் வலி மறக்கிறது என்பவர்கள் உண்டு. மறப்பது ஒரு மணி நேரம்தான். பிறகு தூக்கம் கெடும், மறுநாள் வலி கூடும், தடுமாறி விழவும் நேரும். திட்டுவதால் பயனில்லை. வலிக்கு வைத்தியம் பார்த்தால் பாட்டில் தானாகக் குறைய வழியுண்டு. தூக்கத்தில் அலறி எழுபவர்கள், 'வாழ்ந்து என்ன' என்று பேசுபவர்கள் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

2003 ஏப்ரலில் தொடங்கிய ஈ.சி.எச்.எஸ். திட்டத்தில் சேர்ந்தவர்கள் தங்கள் பாலிகிளினிக்கில் வலி பற்றியும் பழைய செயற்கைக் கால் பற்றியும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 1944 முதல் புனேயில் ராணுவத்தின் செயற்கை அங்க மையம் இயங்குகிறது. வழி தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

'வலிக்குதுன்னு சொல்றது கோழைத்தனம்' என்று பயிற்சி பெற்றவர்கள் இவர்கள். தானாகச் சொல்ல மாட்டார்கள். ஆகவே இன்று ராத்திரி நீங்களே கேளுங்கள்: "அந்தக் கால் இன்னிக்கு எப்படி இருக்கு?"