அளந்தறிந்த பின்னரே அம்பு

கண்ணை நம்பிக் கருமம் ஆற்றுவோர் பலர். கண் செய்யும் பிழையை உணர்ந்தோர் சிலர். சென்ற மாதம் எமக்கு வந்த கடிதமொன்று இவ்வுண்மையை மீண்டும் எம் சிந்தைக்குக் கொணர்ந்தது.

எழுதியவர் எம்மிடம் பௌதிகம் கற்று, இப்பொழுது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாழும் பழைய மாணாக்கர். அங்கே இலையுதிர்காலத்தில் உரிமம் பெற்று, வில்லும் அம்புங்கொண்டு வெள்ளைவால் மானை வேட்டையாடுவோர் உளர். இவரும் அயலவருடன் சென்றிருக்கிறார். முப்பது மீற்றரெனக் கண்ணால் மதித்து இவர் எய்த அம்பு, மானின் அடிவயிற்றைக் கிழித்துச் சென்றது. இருளும்வரை குருதிச் சுவட்டைத் தொடர்ந்தும் மான் அகப்படவில்லை. மறுநாள் அளந்து பார்த்தபோது தூரம் நாற்பது மீற்றர்! “ஐயா, அன்றுதொட்டு மனம் அமைதியுறவில்லை. லேசர் தூரமானி ஒன்று வாங்க எண்ணுகிறேன். எத்தகையதை வாங்குவது? எவ்வாறு உபயோகிப்பது?” என வினவியிருந்தார்.

வேட்டையை விரும்பாத நாம் இதற்கு விடை கூறுதல் தகுமோ எனத் தயங்கினோம். ஆயினும், குறிதப்பிய அம்பினால் துடித்துச் சாகும் உயிரை நினைந்தபோது, கூறாதிருத்தலே பிழையெனத் தோன்றிற்று. எமது மறுமொழியின் சாரம் இது:

செக்கனுக்கு 90 மீற்றர் வேகத்திற் செல்லும் அம்பைப் புவியீர்ப்பானது 30 மீற்றர் தூரத்துள் ஏறத்தாழ 54 சென்றிமீற்றரும், 40 மீற்றர் தூரத்துள் 97 சென்றிமீற்றரும் கீழே இழுக்கும். காற்றின் தடையை நீக்கிக் கணக்கிடினும், முப்பதுக்கெனக் குறிவைத்த அம்பு நாற்பதில் 24 சென்றிமீற்றர் தாழ்ந்துவிடும். மானின் இருதயமும் நுரையீரலும் அமைந்த இலக்கோ ஏறக்குறைய ஒரு சாண் அளவினது. நேர்ந்த தவறு கையினதன்று, மதிப்பினது.

1960 ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க விஞ்ஞானி தியோடர் மைமன் முதன்முதலாக லேசர் ஒளியைத் தோற்றுவித்தார். இன்றைய தூரமானி உள்ளங்கையில் அடங்குவது. கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ் ஒளித்துடிப்பை அது அனுப்புகிறது. இலக்கிற் பட்டுத் திரும்பும் ஒளி எடுத்த நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கிறது. 30 மீற்றர் சென்று மீள ஒளிக்கு வேண்டிய நேரம், ஒரு செக்கனை ஐம்பது இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறேயாம்.

வாங்கும்போது பெட்டியின்மேல் அச்சிட்ட பெரிய எண்ணைக் கண்டு மயங்கலாகாது. அஃது ஒளியை நன்கு தெறிக்கும் பலகை போன்றவற்றுக்கே பொருந்தும். மானின் உரோமம் ஒளியை அத்துணை தெறிக்காது. வில்லாளனுக்கு ஆயிரம் மீற்றர் அளப்பதால் ஆவதென்ன? அண்மைத் தூரத்தைச் செம்மையாகக் காட்டுவதே அவனுக்கு வேண்டியது. முன்னிற்கும் புல்லையும் சுள்ளியையும் விடுத்து அப்பாலுள்ள இலக்கை அளக்கும் வசதி வேண்டும். சரிவைக் கணிக்கும் வசதியும் நன்று. 30 பாகைச் சரிவில் 40 மீற்றர் அளந்தால், எய்தற்குரிய கிடைத்தூரம் 35 மீற்றர் அளவே.

உபயோகிக்கும் முறையும் எளிதே. எண்கள் மீற்றரிலா யாரிலா என முதலிற் பார்த்துக்கொள்க. 40 யார் என்பது 37 மீற்றருக்கும் குறைவு. மான் வருமுன்பே சுற்றிலுமுள்ள மரங்களையும் பாறைகளையும் அளந்து மனத்திற் பதித்துக்கொள்க. வந்தபின் கையசைத்தால் அது வெருண்டோடும். மூடுபனியும் மழையும் ஒளியைச் சிதறடிக்குமாதலால், ஒருமுறைக்கு இருமுறை அளத்தல் வேண்டும். குளிரிற் பற்றரி சோருமாதலின் வேறொன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.

இன்னொன்றும் எழுதினோம். நாற்பது மீற்றரில் அம்பு சென்றடைய அரைச் செக்கனளவு ஆகும். நாணின் ஓசையோ அதற்கு முன்னரே மானின் செவியை எட்டிவிடும். எட்டியதும் அது உடலைத் தாழ்த்தும். இதனை எக்கருவியும் அளந்து சொல்லாது. ஆதலால் தூரம் தெரிந்துவிட்டதென்று தொலைவிலிருந்து எய்ய முற்படாமல், அண்மையில் வரும்வரை காத்திருத்தலே முறை.

தசரதன் கதையை வாசகர் அறிவர். குடத்தில் நீர் நிறையும் ஒலியை யானையின் ஒலியென மயங்கி அவன் விடுத்த அம்பு குறிதப்பவில்லை. ஆயினும் ஓர் இளைஞனின் உயிரைக் குடித்தது. தூரமானி தூரத்தை மட்டுமே சொல்லும். எதிரே நிற்பது யாது, அதற்கப்பால் யார் உளர், எய்தல் தகுமா என்பவற்றை எய்பவனே தெளிதல் வேண்டும். ஐயமுண்டாயின் வில்லைத் தாழ்த்தி வீடு திரும்புக என்று எழுதி, கடிதத்தைத் தபாலிற் சேர்த்தோம்.