நம்பத்தகுந்த செய்முறை வழிகாட்டி எழுதுதல்

“இளந்தளிராகப் பறியுங்கள்” என்றால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் பறிப்பர். “இரண்டு இலையும் ஒரு கொழுந்தும்” என்றால் ஐயத்திற்கு இடமில்லை. பறிப்பவரும் சரிபார்க்கலாம், கூடையை நோக்குபவரும் சரிபார்க்கலாம். 1929இல் போ தோட்டம் தொடங்கப்பெற்ற கேமரன் மலையின் மாணவர்களுக்கு இவ்வளவீட்டை விளக்க வேண்டுவதில்லை. கணினிக்குச் செய்முறை வழிகாட்டி எழுதுவோர் கைக்கொள்ள வேண்டியதும் இத்தெளிவே ஆகும்.

தமிழ்க் கணிமைக்குக் கருவிகள் குறைவில்லை. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். தமிழ்நாடு அரசு 1999இல் தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் விளக்கும் ‘கணியம்’ இதழ் 2012இல் வெளிவரத் தொடங்கியது. இத்தகைய திட்டங்களின் உதவிப் பக்கங்களைத் தன்னார்வலரே எழுதுகின்றனர். நிரல் எழுதத் தெரியாத ஆசிரியரும் மாணவரும் இப்பணியில் பங்கு கொள்ளலாம்.

ஆயினும் பிழையான வழிகாட்டி, வழிகாட்டி இல்லாமையினும் தீது. அருகில் கேட்க ஆளில்லாத தோட்டப்புறத்து மாணவர் ஒருவர் அதனைப் பின்பற்றித் தோற்றால், எழுதியவரைக் குறை கூறமாட்டார். தம்மையே குறை கூறிக்கொள்வார். “கணினியில் தமிழ் வராது” என்று முடிவுகட்டி வேறு மொழிக்கு மாறிவிடுவார். இழப்பு மொழிக்கே.

“தமிழ் விசைப்பலகையை நிறுவித் தட்டச்சு செய்யவும்” என்பது அறிவுரையே அன்றி வழிகாட்டி ஆகாது. எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு, இணைய இணைப்பு வேண்டுமா என்பவற்றை முதலில் கூறுதல் வேண்டும். பின்னர் ஒரு படிக்கு ஒரு செயல்; அச்செயலின் விளைவாகத் திரையில் தோன்றுவது யாது என்ற குறிப்பு. எடுத்துக்காட்டாக, நிறுவல் முடிந்தபின் இவ்வாறு எழுதலாம்: “தமிழ்99ஐத் தேர்ந்தெடுங்கள். ஆங்கில எழுத்துகள் பொறித்த விசைப்பலகையில் ஏ, கே, கே, கியூ ஆகிய விசைகளை வரிசையாக அழுத்துங்கள். திரையில் ‘அம்மா’ என்று தோன்றும்.” ஒரே மெய் இருமுறை வருமிடத்து முதலெழுத்திற்குப் புள்ளி தானே அமைவது தமிழ்99இன் விதி. ஆகவே இவ்வொரு சொல்லே சோதனையாகவும் அமைகிறது.

தோல்விக்கும் வழி கூறுதல் வேண்டும். ஆங்கில எழுத்தே வந்தால் விசைப்பலகை மாறவில்லை. கட்டங்கள் தோன்றினால் தமிழ் எழுத்துரு இல்லை. புள்ளி தானே அமையாவிடின், முதல் மகரத்தை அடுத்து எஃப் விசையை அழுத்த வேண்டும். இவ்வாறு காரணமும் தீர்வும் சேர்த்து உரைப்பதே துணைசெய்யும்.

கலைச்சொல்லிலும் கவனம் தேவை. திரையில் ‘கோப்பு’ என்றிருக்க, வழிகாட்டியில் ‘ஆவணம்’ என்று எழுதினால், படிப்பவர் இல்லாத சொல்லைத் தேடுவார். பட்டியல் மலாயில் இருப்பின் அம்மலாய்ச் சொல்லையே காட்டிப் பொருளைத் தமிழில் விளக்குவதே முறை. மேலான சொல் தோன்றினால் மென்பொருளின் மொழிபெயர்ப்புக் குழுவிடம் முன்மொழியலாம். வழிகாட்டியில் மட்டும் மாற்றுதல் பயன் தராது.

எழுதி முடித்தபின், அதனை அறியாத ஒருவரிடம் கொடுத்து, அருகில் அமர்ந்து, வாய் திறவாமல் நோக்குங்கள். அவர் தயங்கும் இடமே திருத்த வேண்டிய இடம். பிறர் எழுத்தைப் படியெடுக்காமல் தாமே செய்து பார்த்ததை எழுதுங்கள். சோதித்த நாளையும் பதிப்பையும் குறியுங்கள். மென்பொருள் மாறும்போது வழிகாட்டியும் மாற வேண்டும். விக்கி முறையில் அமைந்த பக்கங்களில் ஒவ்வொரு திருத்தமும் நாளுடன் வரலாற்றில் பதிவாவதால், பழைய வழிகாட்டியைப் புதுப்பிப்பதும் புதியது எழுதுவதற்கு நிகரான தொண்டாகும்.

பள்ளிதோறும் ஓர் ஆசிரியரும் சில மாணவரும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு வழிகாட்டியேனும் சோதித்து எழுதுவார்களாயின், அடுத்து வரும் மாணவர் உதவிக்கு ஆளின்றித் திகைக்கமாட்டார்.