யானையைப் பன்றியாக்கிய வெள்ளி ரூபாய்

வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்குப் பிழைக்க வந்த குடும்பமானாலும் சரி, போடிமெட்டு ஏறி மூணாறு, தேவிகுளம் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த குடும்பமானாலும் சரி, பாட்டி காலத்து வெள்ளி ரூபாய் ஒன்றிரண்டைப் பெட்டியின் அடியில் வைத்திருப்பவர்கள் உண்டு. பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் கையைக் கடித்தால், அந்த ரூபாய் நகைக்கடைத் தராசில் ஏறிவிடுகிறது. எடைக்கு என்ன விலையோ அதுதான் கிடைக்கும். அதில் பொறித்திருக்கும் ஆண்டை யாரும் பார்ப்பதில்லை.

அவசியம் பார்க்க வேண்டிய ஆண்டு ஒன்று உண்டு. அது 1911.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1910-ல் பட்டத்துக்கு வந்தார். மறு ஆண்டு அவர் உருவம் பொறித்த ரூபாய்கள் கல்கத்தா, பம்பாய் நாணயச் சாலைகளில் அச்சாயின. உருவத்தை வடித்தவர் பெர்ட்ராம் மெக்கென்னல் என்னும் சிற்பி. மன்னரின் அங்கியில், மார்புப் பக்கம், விருதுச் சங்கிலியில் ஒரு சிறு யானை உண்டு. கடுகளவு இடத்தில் செதுக்கிய அந்த யானைக்குத் துதிக்கை குட்டையாகப் போய்விட்டது. பார்த்தவர் கண்ணுக்கு அது பன்றியாகத் தெரிந்தது!

பன்றியை விலக்கி வாழும் முஸ்லிம் மக்களிடையே இதனால் மனக்கசப்பு எழுந்தது. நாள்தோறும் கையில் புழங்கும் காசு அல்லவா? அரசு வெளியீட்டை நிறுத்தியது. அச்சானவை சுமார் 94 லட்சம். வெளியே வந்தவை ஏறக்குறைய 7 லட்சம். மற்றவை உருக்கப்பட்டன. 1912-ல் துதிக்கையை நீட்டித் திருத்திய ரூபாய் வந்தது. 1911 ரூபாயை நாணயம் சேகரிப்போர் இன்றும் 'பன்றி ரூபாய்' என்றே அழைக்கிறார்கள்.

எப்படி அறிவது?

இந்த ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. பின்புறம் ஆண்டு தெளிவாக இருக்கும். காந்தத்தில் ஒட்டாது. 1940 முதல் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947-ல் புலி உருவத்துடன் வந்த ரூபாயில் வெள்ளியே கிடையாது. அது நிக்கல், காந்தம் இழுக்கும். புலி ரூபாயை வெள்ளி என்று சொல்லி விற்க வருபவரிடம் ஏமாற வேண்டாம்.

பழைய காசைப் புளி போட்டுத் தேய்க்கவும் கூடாது. தேய்த்த காசுக்குச் சேகரிப்போர் விலையைக் குறைத்துவிடுவார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. "யானை போட்ட காசா? லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்" என்று டெலிபோனில் பேசுவோர் கிளம்பியிருக்கிறார்கள். தன் பெயரைச் சொல்லி இப்படிப் பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாமென்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. பழைய காசு வாங்கி விற்கும் வேலையில் அந்த வங்கி ஈடுபடுவதில்லை. அதற்குக் கட்டணமும் வாங்குவதில்லை. காசை விற்பவர் முன்பணம் கட்டுவது எந்த ஊர் வியாபாரம்?

1911 ரூபாய் ஒருவரை லட்சாதிபதி ஆக்கிவிடாது. ஆனால் வெறும் வெள்ளி விலைக்குப் போக வேண்டிய காசும் அல்ல. விற்கத்தான் வேண்டுமென்றால், தராசில் வைக்குமுன் ஆண்டைப் படியுங்கள். நாணயம் அறிந்தவர் இரண்டு பேரிடமாவது காட்டி விலை கேளுங்கள். உருக்கிய பிறகு கேட்டுப் பயனில்லை.