ஓட்டை போடாமல் ஓர் ஏரியல்

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதை வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து மாணவர்கள் கண்டிருப்பீர்கள். இத்தகைய வேளையில் செல்போன் கோபுரங்கள் ஓய்ந்துவிட்டால் கைகொடுப்பவர்கள் ‘ஹாம்’ எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் குழுவினர், அந்தமான் செய்திகளை இவ்வகை வானொலி மூலமாகவே வெளியுலகுக்கு அனுப்பினர்.

அவசரத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் அடுத்தவர் கார். ஏரியல் பொருத்த அதன் கூரையில் துளையிட்டால் மழைநீர் இறங்கும், துருப்பிடிக்கும். உரிமையாளர் சும்மா விடுவாரா? எனவே ஹாம்கள் காந்தம் பதித்த அடித்தட்டைக் கூரைமேல் வைத்து, அதில் ஏரியலை நிறுத்துகிறார்கள்.

இங்கே ஒரு புதிர் எழுகிறது. 145 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 2.07 மீட்டர். அதில் கால்பங்கு, அதாவது 52 செ.மீ. நீளக் கம்பி போதும். ஆனால் கம்பி பாதி ஏரியல்தான். அதன் கீழே விரிந்த உலோகப் பரப்பு மறுபாதியாக இருந்து மின்னோட்டத்தின் சுற்றை முடிக்க வேண்டும். அந்தப் பரப்புதான் கார்க் கூரை. தட்டுக்கும் கூரைக்கும் நடுவில் பெயிண்டு இருக்கிறதே! பெயிண்டு மின்சாரத்தைக் கடத்தாதே!

கடத்த வேண்டியதில்லை. இரு உலோகத் தகடுகள், நடுவே மின்காப்புப் பொருள்: இது நீங்கள் பாடத்தில் படித்த மின்தேக்கி அல்லவா? தட்டின் பரப்பு 50 சதுர செ.மீ., பெயிண்டின் தடிமன் 0.1 மி.மீ., அதன் மின்காப்பு மாறிலி 3 என்று கொண்டு கணக்கிடுங்கள். மின்தேக்குதிறன் ஏறத்தாழ 1,300 பிக்கோஃபாரட் வரும். 145 மெகாஹெர்ட்ஸில் இதன் மின்மறுப்பு 1 ஓம்கூட இல்லை. ஏரியலின் தடையோ சுமார் 36 ஓம். ஆகவே தட்டு கூரையைத் தொட்டதற்குச் சமம்.

7.1 மெகாஹெர்ட்ஸில் கதை வேறு. அதே மின்மறுப்பு 17 ஓம் ஆகிவிடும். கால் அலைநீளமோ பத்தரை மீட்டர்; அதைச் சுமந்துகொண்டு எந்தக் காரும் ஓடாது! சுருள் சேர்த்த குட்டைக் கம்பிதான் வழி. அதன் கதிர்வீச்சுத் தடை ஓரிரு ஓம்தான். சுருளைத் திருத்தி 17 ஓமை ஈடுகட்டலாம். ஆனாலும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி கேபிளின் வெளிப்பின்னல்மேல் ஓடித் தொல்லை தரும். இங்கே டிக்கி மூடியின் விளிம்பைக் கவ்வும் பிடிப்பானே சிறந்தது. அதன் திருகு மூடியின் உட்பக்கத்தில் பெயிண்டைக் கீறி உலோகத்தைத் தொடும்; கீறல் வெளியே தெரியாது.

தோல் பதனிடும் ஊர்களில் இன்னொன்றையும் கவனியுங்கள். கழிவுநீரிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு (அந்த அழுகிய முட்டை நாற்றம்!) செம்பையும் வெள்ளியையும் கறுக்கச் செய்யும். கேபிள் இணைப்புகளை அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டும். பெயிண்டு மின்தேக்கிக்கு இந்தக் கவலை கிடையாது.

ரெக்சின் கூரை ஆட்டோவில் காந்தம் எதைப் பிடிக்கும்? ஒரு மீட்டர் சதுர இரும்புத் தகட்டை மேலே கட்டலாம். நின்றபடி பேச மட்டும். எவர்சில்வர் தாம்பாளம் வேண்டாம். பெரும்பாலானவற்றில் காந்தம் ஒட்டாது. வீட்டில் சோதித்துப் பாருங்கள்.

காந்தத்தை வைக்குமுன் இரும்புத்தூளைத் துடைத்துவிடுங்கள். இல்லையேல் துளைக்குப் பதில் கீறல் விழும். தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகளின் கீழே வண்டி போவதற்குமுன் ஏரியலைக் கழற்றிவிட வேண்டும். வானொலியில் பேச அரசு உரிமமும் தேவை. அதற்கான தேர்வில் இந்த மின்தேக்கிக் கணக்கு உங்களுக்கு எளிதாகவே இருக்கும்.