சொந்தக் கையால் என்ஜின் வேலை: மிச்சமாவது எவ்வளவு?

கரமனைப் பாலம் கடந்து நாகர்கோவில் போகும் பஸ்களில் சனிக்கிழமை மாலை உட்கார இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்த பின்னும், நாஞ்சில் நாட்டாருக்குத் திருவனந்தபுரத்து உத்தியோகத் தொடர்பு அறுந்துபோகவில்லை. சம்பளம் இங்கே, வயலும் வீடும் அங்கே. அப்படிப்பட்ட குடும்பம் ஒன்றில் தகப்பனார் காலத்து டிராக்டர் ஒன்று கொட்டகையில் நிற்குமானால், மாசி மாதம் பிறந்ததுமே கரமனைக்குச் செய்தி வந்துவிடும்: "வண்டி நீலப்புகை தள்ளுது. ஆயில் நிற்கமாட்டேங்குது."

கும்பப்பூ அறுவடை முடிந்து கன்னிப்பூ உழவு தொடங்குவதற்குள் கிடைக்கும் இடைவெளி சில வாரங்களே. பட்டறையில் கேட்டால், "அண்ணாச்சி, திறந்து பார்த்தாத்தான் சொல்ல முடியும்" என்பார்கள். அதைக் கேட்டு மிரண்டவர்களுக்குத் தோன்றும் அடுத்த யோசனை, லீவு போட்டு நாமே பிரித்தால் என்ன என்பதுதான்.

பிரிக்கலாம். ஆனால் மிச்சமாவது கழற்றிப் பூட்டும் கூலி மட்டுமே. அளவெடுப்பதற்கும் மெஷின் வேலைக்கும் சாமானுக்கும் யார் பிரித்தாலும் பணம் கொடுத்தே ஆகவேண்டும். இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால் பாதி ஏமாற்றம் தீர்ந்தது.

பிரிக்கும் முன் செய்யவேண்டிய சோதனைகளுக்குச் செலவு அநேகமாக இல்லை. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் டீசல் அதிகம், அல்லது காற்று போதவில்லை; ஏர் கிளீனரைச் சுத்தம் செய்தாலே சில சமயம் நின்றுவிடும். ரேடியேட்டர் தண்ணீரில் ஓயாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஆயில் பிரஷர் முள் கீழே இறங்கினால் பேரிங் தேய்மானமாக இருக்கலாம். கம்ப்ரஷன் மீட்டர் வைத்து ஒவ்வொரு சிலிண்டராகப் பார்த்துவிடுவதும் நல்லது. மூன்றில் ஒன்று மட்டும் இளைத்திருந்தால் கோளாறு வால்வில்கூட இருக்கலாம். ஹெட்டை மட்டும் இறக்கி வேலை முடித்தவர்களும் உண்டு.

ஹெட்டைக் கழற்றியதும் சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தால் தடவிப் பார்க்கவேண்டும். மேல் ரிங் வந்து திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் மிகுதி. அங்கே நகம் தட்டும்படி படி விழுந்திருந்தால், வெறும் ரிங் செட் மாற்றுவது காசைக் கரியாக்குவது. புது ரிங் அந்தப் படியில் மோதி உடையும். உடையாவிட்டாலும், கூம்பலாகத் தேய்ந்த சுவரில் சரியாகப் படியாது. சில மாதங்களில் அதே புகை திரும்ப வரும். முதலில் செய்த செலவு அவ்வளவும் தண்டம்.

லைனர் மாற்றுவதிலும் இரண்டு வகை உண்டு. வெளிப்புறம் தண்ணீர் படும் ஈர லைனரானால், பக்குவமாகச் செய்பவர் வீட்டிலேயே இழுத்து மாற்றிவிடலாம். பிளாக்கின் உள்ளே இறுக்கி அடித்த உலர் லைனருக்குப் பிரஸ் வேண்டும்; பல சமயம் போரிங், ஹோனிங்கும் சேரும். பிளாக்கையே வண்டியேற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோகும் கூலியைப் பலரும் கணக்கில் எழுதுவதில்லை.

கிராங்க் ஷாஃப்ட்தான் கணக்கைப் புரட்டிப் போடும் இடம். கார், லாரிக்கு இருப்பது போன்ற சேஸிஸ் பெரும்பாலான டிராக்டர்களுக்குக் கிடையாது, என்ஜினே முதுகெலும்பு. ஆகவே கிராங்க்கை வெளியே எடுக்க வண்டியையே இரண்டாகப் பிரிக்கவேண்டும். கனத்த கட்டைகளும் உறுதியான ஜாக்கியும் துணைக்கு ஆட்களும் இல்லாமல் இதில் இறங்கக்கூடாது. நழுவினால் போவது கால். அந்தச் செலவுக்கு எந்தப் பட்டறையும் பில் போடாது.

கிராங்க்கின் கழுத்துகளை மைக்ரோமீட்டரில் அளந்தால் நீள்வட்டத் தேய்வு தெரியும். பட்டறை பாஷையில் 'பத்து', 'இருபது', 'முப்பது' என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் அத்தனை பங்கு கிரைண்டிங் செய்து குறைப்பது. பத்து என்பது கால் மில்லிமீட்டர். இதற்குத் தனி கிராங்க் கிரைண்டிங் மெஷின் வேண்டும். சாதாரண லேத்தில் ஆகாது. கிரைண்டிங் முடிந்து அளவு தெரிந்த பிறகே பேரிங் வாங்கவேண்டும். அவசரப்பட்டு முன்கூட்டியே ஸ்டாண்டர்டு சைஸ் வாங்கி, கடைக்காரர் திரும்ப எடுக்க மறுத்து, புதுப் பெட்டியோடு பரணில் போட்டுவைத்த வீடுகள் எத்தனையோ!

சாமானைப் பொறுத்தவரை தமிழர் திக்குத் தெரியாமல் அலையவேண்டியதில்லை. மாஸி பெர்குசன் கூட்டுறவில் டாஃபே கம்பெனி சென்னையில் தோன்றியது 1960-ல். அதன் மூன்று சிலிண்டர் 1035 மாடலுக்கு என்ஜின் சிம்ப்சன் கம்பெனியுடையது. சிம்ப்சனோ 1840-ல் சென்னையில் கோச்சு வண்டி கட்டத் தொடங்கிய ஸ்தாபனம். அதே குழுமத்து இந்தியா பிஸ்டன்ஸ் 1949-லும், கோவையில் தொழிற்சாலை வைத்துள்ள பைமெட்டல் பேரிங்ஸ் 1961-லும் தொடங்கியவை. பெயர்ப் பலகை பார்த்து வாங்கினால் போதாது. என்ஜின் நம்பரைக் குறித்துக்கொண்டு போகவேண்டும். ஒரே மாடலிலும் வருஷத்துக்கு வருஷம் சாமான் மாறியிருக்கும்.

சீமையில் கதை வேறு. கவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் தயாரான சிறிய பெர்குசன் டிராக்டர்களில் பெரும்பாலானவை பெட்ரோலிலோ மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளிலோ ஓடியவை. வாங்கார்டு காரில் இருந்த என்ஜினின் வம்சம்தான் அதுவும்; ஈர லைனர், டீசல் பம்ப் தொல்லையும் இல்லை. ஓய்வு பெற்றவர்கள் பொழுதுபோக்காகப் பிரித்து மாட்டிக் கண்காட்சிக்கு ஓட்டுகிறார்கள். நம்மவருக்கோ டீசல். இன்ஜெக்டரையும் பம்ப்பையும் டெஸ்ட் பெஞ்ச் உள்ள இடத்தில்தான் சரிபார்க்கவேண்டும். தூசி பறக்கும் களத்தில் பம்ப்பைத் திறந்தவர், கடைசியில் பம்ப்புக்கே விலை கொடுக்க நேரும்.

இனிக் குமாஸ்தாவின் கணக்கு. கரமனையிலிருந்து நாகர்கோவில் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். ஞாயிறு தோறும் போய் வருவதென்றால் பிரிக்க ஒரு ஞாயிறு, மெஷின் ஷாப்பில் கொடுக்க ஒன்று, வாங்க ஒன்று, பூட்ட இரண்டு. ஏதாவது ஒரு கேஸ்கெட் மறந்துபோனால் ஆறாவது. பஸ் கட்டணம், சம்பளமில்லா லீவு, டார்க் ரெஞ்சு வாடகை எல்லாவற்றையும் கூலிக்கு எதிரே எழுதிப் பார்க்கவேண்டும். உழவு தொடங்கிவிட்டால், மணிக்கணக்கில் வாடகை டிராக்டருக்குக் கொடுக்கும் தொகையும் அதே பத்தியில் ஏறும். ஊரிலேயே தங்கியிருக்கும் தம்பியோ மச்சானோ கையில் சாவி பிடிக்கத் தெரிந்தவராக இருந்தால் கணக்கு லாபம். ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்குக்கு இது சந்தேகம்தான். அவர் பிரித்துக் கழுவி, பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, பூட்டும் வேலையைப் பழகிய கைக்கு விட்டுவிடுவது நடுவழி. கூலியில் ஒரு பங்கு அப்போதும் மிஞ்சும்.

பூட்டி முடித்த அன்றே ஐந்து கலப்பையை மாட்டிச் சேற்றில் இறக்கிவிடக் கூடாது. முதலில் இலேசான வேலை. சூடேறி ஆறிய பின், புத்தகத்தில் சொன்னபடி ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கி, வால்வு இடைவெளி பார்க்கவேண்டும். ஏறத்தாழ 50 மணி நேரம் ஓடியதும் புது ஆயிலை வடித்துவிட்டு மறுபடி ஆறேழு லிட்டர் ஊற்றவேண்டும், ஃபில்டரும் புதிது. அதற்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் கட்டணத்தை இப்போதே ஒதுக்கி வைப்பது நல்லது.