பனானாவில் எத்தனை நெடில்?

ஆங்கிலேயர் ஒருவர் 'பனானா' என்று சொல்லும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். நாம் எழுதுவதுபோல் அதில் இரண்டு 'னா' இருக்காது. நடுவில் உள்ள ஒன்று மட்டும் நீண்டு தெளிவாக ஒலிக்கும். முன்னால் வரும் 'ப' வாய்க்குள்ளேயே அமுங்கிவிடும். கடைசி அசையோ வெறும் 'ன'.

இதுதான் அசையழுத்தம். ஒன்றுக்கு மேற்பட்ட அசைகள் கொண்ட ஆங்கிலச் சொல்லில் ஓர் அசை தலைதூக்கி நிற்கும். அகராதியில் அந்த அசைக்கு முன்னால் சிறிய செங்குத்துக் கோடு ஒன்றைப் போட்டிருப்பார்கள். நாமோ பொருளை மட்டும் பார்த்துவிட்டு அகராதியை மூடிவிடுகிறோம். ஆங்கிலம் பேசப் பழகுகிறவருக்கு அந்தக் கோட்டைவிடப் பெரிய துணை இல்லை என்பது என் கருத்து.

அழுத்தம் என்றதும் அந்த அசையை உரக்கச் சொன்னால் போதும் என்று தோன்றும். டென்னிஸ் ஃப்ரை என்ற லண்டன் ஒலியியலாளர் 1955-இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரிச் சொல்கிறது. 'ஆப்ஜெக்ட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அசையில் அழுத்தினால் 'பொருள்'. இரண்டாவதில் அழுத்தினால் 'மறுப்புத் தெரிவி'. இப்படிப்பட்ட சொற்களை அவர் இயந்திரத்தில் செயற்கையாக உருவாக்கி, உயிரொலியின் நீளத்தையும் உரப்பையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார். பெயரா வினையா என்று முடிவுசெய்ய, கேட்டவர்களுக்கு உரப்பைவிட நீளமே கூடுதலாக உதவியது. குரலின் ஏற்ற இறக்கத்துக்கும் பெரும் பங்கு உண்டு என்று அவரே பின்னர்க் காட்டினார்.

பெயரையும் வினையையும் அழுத்தத்தால் பிரிக்கும் இந்த வழக்கம் மெல்ல மெல்லப் பெருகியது. பீட்டர் லெவின்ஸ் 1570-இல் வெளியிட்ட அகராதியில் இத்தகைய இணைகள் மூன்றே தென்படுகின்றன: அவுட்லா, ரெபல், ரெக்கார்ட். இன்று நூற்றுக்கும் மேல்.

ஓர் அசை நீள வேண்டுமானால் மற்றவை ஒடுங்க வேண்டும். எனக்கு ஆங்கில ஒலியின் உயிர்நாடியாகப் படுவது இந்த ஒடுக்கம்தான். நாக்கு வாயின் நடுவில் சோம்பிக் கிடக்க, உதடு குவியாமலும் விரியாமலும் பிறக்கும் ஒரு சின்ன ஒலி, பெயர் ஷ்வா. ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிரொலி இதுவே. ஆனால் இதற்கென்று ஓர் எழுத்துக்கூட இல்லை! 'ஃபோட்டகிராஃப்' என்பதில் அழுத்தம் முதல் அசையில். அதையே 'ஃபடாக்ரஃபி' ஆக்கினால் அழுத்தம் அடுத்த அசைக்குத் தாவுகிறது. 'ஃபோ' சுருங்கி 'ஃப' ஆகிறது; அமுங்கிக் கிடந்த 'ட' எழுந்து 'டா' ஆகிறது. எழுத்துகள் என்னவோ பெரும்பாலும் அவையேதான்.

குறுகும் உயிர் தமிழுக்குப் புதிதன்று. 'பாக்கு', 'காசு' போன்ற சொற்களின் ஈற்று உகரம் அரை மாத்திரையாகக் குறுகுவதைத் தொல்காப்பியம் அளந்தே சொல்லியிருக்கிறது. ஆனால் குற்றியலுகரம் வரும் இடத்தைச் சொல்லின் அமைப்பைக் கொண்டே கண்டுகொள்ளலாம். ஆங்கிலத்தில் அழுத்தம் எங்கே விழும் என்பதை எழுத்து காட்டிக்கொடுப்பதில்லை. 'ஃபாதர்', 'வாட்டர்' போன்ற பழைய ஜெர்மானியச் சொற்கள் முதல் அசையில் அழுந்துபவை. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு பிரெஞ்சுச் சொற்கள் வந்து குவிந்தன. அந்த ஒழுங்கு கலைந்தது. பிற்பாடு பிரெஞ்சிலிருந்து வந்த 'ஹோட்டெல்' இரண்டாம் அசையில் அழுத்தம் பெறும். நம் நாவில் அது 'ஹோட்டல்' ஆனபோது அந்த 'டெல்' கரைந்துவிட்டது.

சொல்லுக்குள் நடப்பது வாக்கியத்திலும் நடக்கிறது. 'என்னால் வர முடியும்' என்பதை அமெரிக்கர் 'ஐ கன் கம்' என்பார்; 'கேன்' அங்கே 'கன்' ஆக ஒடுங்கிவிடும். 'முடியாது' என்னும்போதோ 'கேன்ட்' முழு உயிரோடு வரும், கடைசி 'ட்' பல வேளைகளில் தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் அவர் காது 'ட்'டுக்காகக் காத்திருப்பதில்லை, உயிரைத்தான் கவனிக்கிறது. நாம் ஒவ்வோர் அசையையும் திருத்தமாக உச்சரித்து 'ஐ கேன் கம்' என்றால், வருகிறேன் என்று சொன்னது வரமாட்டேன் என்று அவருக்குக் கேட்டுவிடலாம்.